நடப்பதற்கு முன் ஒரு கேள்வி

காரோடு, பாறசாலைப் பக்கம் ஒருவர் ‘எனக்குச் சர்க்கரை’ என்றால், ‘தினமும் நடங்க’ என்ற யோசனை உடனே வந்துவிடும். நல்ல யோசனைதான். ஆனால் எந்த வகைச் சர்க்கரை என்று யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டும். முதல் வகையில், இன்சுலின் சுரக்கும் கணையச் செல்களை உடலின் எதிர்ப்பாற்றலே அழித்துவிடுகிறது. எவ்வளவு ஓடினாலும் இன்சுலின் ஊசியை நிறுத்த முடியாது. நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. ஓடியாடும்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம் என்பதால், பந்தாடப் போகும் பிள்ளையின் சட்டைப் பையில் குளுக்கோஸ் இருந்தாக வேண்டும். இரண்டாம் வகையில் இன்சுலின் சுரந்தும் உடல் அதைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை. நடை பெரிதும் கைகொடுப்பது இங்கேதான்: இயங்கும் தசை இன்சுலினுக்குக் காத்திராமல் ரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். கணையத்தில் கல் சேர்ந்து வரும் வகையும் கேரளத்தில் உண்டு, மருத்துவர் பி.ஜே. கீவர்கீஸ் அதை விரிவாக ஆராய்ந்தார். அதற்குக் காரணம் என்று மரச்சீனிக் கிழங்கின் மேல் அன்று விழுந்த பழி இன்றுவரை உறுதிப்படவில்லை.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி, கேரளத்தில் வயது வந்தோரில் 25.5 சதவீதம் பேருக்கு நீரிழிவு. நான்கில் ஒருவர்!

காரோடும் பாறசாலையும் அடங்கிய இதே நெய்யாற்றின்கரை வட்டத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தார் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில் 1,007 பேரைச் சேர்த்து ஒரு தடுப்பு முயற்சி நடத்தினார்கள். நோய் வரும் வாய்ப்பு அதிகமுள்ளவர்கள் அவர்கள். பாதிப் பேருக்குக் குழுக்கூட்டங்கள். அவற்றை நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்களே. குழுவில் சேர்ந்தவர்கள் யோகா பழகினார்கள், வீட்டில் காய்கறித் தோட்டம் போட்டார்கள். இரண்டாண்டில் குழுவினரில் 14.9 சதவீதம் பேருக்கும், மற்றவர்களில் 17.1 சதவீதம் பேருக்கும் சர்க்கரை வந்தது. புள்ளியியல்படி இந்த இடைவெளி உறுதியானதல்ல. ஆனாலும் காய்கறி, பழம் உண்பது கூடியது, குடி குறைந்தது. ஊர்க்காரர்களால் ஊர்ப் பழக்கத்தை அசைக்க முடியும் என்பதற்கு இது போதும்.

பலன் பெரிதாகத் தெரிந்தது சென்னையில். குளுக்கோஸ் குடித்துச் செய்த பரிசோதனையில் நோயின் எல்லைக்கோட்டில் நின்ற 531 பேரை வைத்து மருத்துவர் ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. மூன்றாண்டில், சாதாரண அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவையும் உடலுழைப்பையும் மாற்றியவர்களில் 39.3 சதவீதம்.

ஆகவே எல்லைக்கோட்டில் நிற்பவர்களை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். கர்ப்பகாலச் சர்க்கரை வந்து பிரசவத்தோடு மறைந்த தாய்மார்களுக்குப் பின்னாளில் இரண்டாம் வகை வரும் வாய்ப்பு மிக அதிகம். காரோடு ஊராட்சி அவர்களிடமிருந்தே தொடங்கலாம். கூடிப் பேச வார்டுதோறும் குடும்பஸ்ரீ மகளிர் அயல்கூட்டம் இருக்கிறது. எந்த வீட்டில் அப்படி ஒரு தாய் இருக்கிறார் என்பது ஆஷா பணியாளருக்குத் தெரியும்.