ரெண்டு நிமிஷம் இருக்கா?

எங்கள் அலுவலகத்தில் நேர மேலாண்மைப் பயிற்சி ஒன்று நடத்தினார்கள். பயிற்சியாளர் மேசைமேல் ஒரு தக்காளிக் கடிகாரத்தை வைத்தார். பொமோடோரோ முறை. 1980களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் மாணவராக இருந்தபோது சமையலறை டைமரை வைத்துத் தனக்காக உருவாக்கிக்கொண்டது. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. அன்றைக்கு அந்தத் தக்காளி ஒருமுறைகூட அடிக்கவில்லை. பயிற்சியை ஏற்பாடு செய்த மேனேஜரே பாதியில் கதவைத் திறந்து, "புரொடக்‌ஷன்ல ஒரு சின்ன இஷ்யூ" என்று எங்களில் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

இந்தப் பயிற்சிகள்மேல் எனக்குள்ள கோபம் இதுதான். கலைப்பது ஒருத்தர், கவனம் போதவில்லை என்று பாடம் கேட்பது இன்னொருத்தர்.

ஒரு பக்கைப் பிடிக்க உட்கார்ந்திருக்கிறேன் என்று வையுங்கள். இரண்டு திரெட்கள் ஒரே தரவை ஒரே நேரத்தில் தொட்டால் மட்டும் தலைகாட்டுகிற ரகம். எந்த வரி எப்போது ஓடும், லாக் யார் கையில் இருக்கும் என்று ஐந்தாறு சங்கதிகளை ஒன்றாக மண்டைக்குள் பிடித்து வைத்திருக்க வேண்டும். அப்போது சாட்டில் ஒரு 'ஹாய்' வரும். வெறும் ஹாய். நாம பதிலுக்கு ஹாய் சொன்னாத்தான் விஷயம் வெளியே வரும். விஷயம் பெரும்பாலும், "அந்த எக்ஸெல் ஷீட் எங்க இருக்கு?" திரும்பி வந்தால் மண்டையில் எதுவும் மிச்சமில்லை, முதலிலிருந்து ஆரம்பிக்கணும்.

பால் கிரஹாம் 2009இல் இதைப் பற்றி எழுதினார். மேலாளருக்கு நாள் ஒரு மணி நேரத் துண்டுகளாகக் கிடக்கிறது, நிரல் எழுதுகிறவருக்கு அரைநாளாவது சேர்ந்தாற்போல வேண்டும் என்றார். சரியான பேச்சு. தன்னைப் பார்க்க வருகிறவர்களுக்கான நேரத்தை வேலைநாளின் கடைசிக்குத் தள்ளிவிட்டதாகவும் சொன்னார். அவர் முதலாளி, தள்ள முடிந்தது. நான் மேனேஜரிடம், "சார், சாயங்காலமா வாங்க" என்று சொல்லட்டுமா?

புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு சந்தேகம் கேட்க முக்கால் மணி நேரம் என் முதுகைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். அவன் கேட்கட்டும், கேட்டாகணும்; நானும் அப்படிக் கேட்டுக் கற்றவன்தான். மேலே இருப்பவருக்கு அந்தத் தயக்கம் கிடையாது. இவ்வளவுக்கும் நானே அந்தப் பையனை எத்தனையோ தடவை யோசிக்காமல் கூப்பிட்டிருக்கிறேன்.

பகலில் சிதறிய வேலை எங்கும் போய்விடுவதில்லை. மாலை ஆறரைக்கு அமெரிக்கக் கால், அங்கே கோடையில் காலை ஒன்பது. எல்லாம் ஓய்ந்து, ஒருவரும் கூப்பிடாத ராத்திரி ஒன்பதுக்குமேல்தான் அசல் வேலை ஆரம்பம். எனக்கு அது முடிகிறது. வீட்டில் தோசை ஊற்றி வைக்க ஆள் இருக்கு. பக்கத்து சீட்டில் இருப்பவர் ஆறு மணிக்குக் குழந்தையை டே கேரிலிருந்து கூட்டிவர ஓட வேண்டும். பகல் முழுக்க அவரையும்தான் கலைத்தார்கள். அப்ரைசலில் அவருக்கு எழுதியது: நேர மேலாண்மையில் முன்னேற்றம் தேவை.

காலை பத்திலிருந்து ஒன்றுவரை, சர்வர் விழுந்தாலொழிய எந்த மேனேஜரும் யாரையும் கூப்பிடக்கூடாது என்று எழுத்தில் கொடுங்கள். மீறினால் அவருடைய அப்ரைசலில் எழுதுங்கள். அடுத்த பயிற்சிக்கு அவர்களை அனுப்புங்கள். தக்காளியையும் அவர்கள் மேசையிலேயே வையுங்கள்.