மழை நாள் சுற்றுலாவும் தவறிப்போகும் தொழுகையும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

விடுமுறை நாளில் குடும்பத்தோடு வெளியூர் சென்று வருவதை மார்க்கம் தடுக்கவில்லை. பூமியில் பயணம் செய்து பார்க்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் ஏவுகிறது. நம் கவலை வேறு. பிரான்ஸில் வாழும் நம் குடும்பங்கள் சிலவற்றில் ஒரு வழக்கம் மெல்ல வேரூன்றி வருகிறது. வீட்டில் ஐவேளையும் பேணித் தொழுவோர்கூட, சுற்றுலா நாளில் மட்டும் லுஹரையும் அஸரையும் விட்டுவிட்டு, "இரவு வீட்டுக்குப் போய்க் கழா செய்துகொள்ளலாம்" என்கின்றனர். மழையும் குளிரும் சேர்ந்துவிட்டால் அந்தச் சாக்கு இன்னும் வலுப்பெறுகிறது. தக்க காரணமின்றித் தொழுகையை வக்து தவறச் செய்வது பெரும் பாவம். இத்தகைய நாளுக்கென்றே மார்க்கம் தந்திருக்கும் இலகுவை அறியாமல் அப்பாவத்தில் விழுவதோ பெரும் இழப்பு.

ஸ்ட்ராஸ்பூர்க் நகரை எடுத்துக்கொள்வோம். பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்திற்குள் சென்றுவிடலாம். கடந்த ஜனவரியில் நாமும் பிள்ளைகளோடு ஒரு நாள் அங்கு சென்றோம். காலை முதல் மாலை வரை மழை. அங்குள்ள பேராலயத்தின் கோபுரம் 142 மீட்டர் உயரமுடையது. 1439-இல் கட்டி முடிக்கப்பட்டது. 1647 முதல் 1874 வரை உலகிலேயே உயரமான கட்டடமாக விளங்கியது. அன்று அதன் உச்சியை மேகம் மறைத்திருந்தது. 'பெத்தீத் ஃபிரான்ஸ்' பகுதியின் பழைய மரச்சட்ட வீடுகளை ஈல் ஆற்றங்கரையில் குடைகளின் கீழ் நின்றே பார்த்தோம். "இந்த மழை நம் நாளையே கெடுத்துவிட்டது" என்று பிள்ளைகள் முகம் வாடினர்.

இத்தகைய பேச்சைப் பெற்றோர் கேளாததுபோல் விட்டுவிடுதல் தகாது. மழை நீரைத் தூய்மையானது என்றும் பரக்கத் பொருந்தியது என்றும் குர்ஆன் சிறப்பிக்கிறது. மழையைக் கண்டால் அது பயன் தருவதாக அமைய நபி (ஸல்) அவர்கள் துஆச் செய்வார்கள். ஒருமுறை மழை பொழிந்தபோது, அது தம் இறைவனிடமிருந்து புதிதாக வந்தது என்று கூறி, தம் மேனியின் மீது படும்படி ஆடையைச் சற்றே விலக்கினார்கள் என அனஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. மழையை ஏசாதிருக்கப் பிள்ளைக்குக் கற்பிக்க, நனைந்து நிற்கும் வேளையைவிடப் பொருத்தமான வேளை ஏது?

அப்பேராலயத்தினுள் புகழ்பெற்ற வானியல் கடிகாரம் ஒன்று உண்டு. இன்றைய கடிகாரம் 1843-இல் நிறைவு பெற்றது. அதன் பொம்மைகள் நண்பகலில் நகர்வதைக் காண மக்கள் திரள்கின்றனர். அது அவ்வூரின் சூரிய நேரத்தைப் பின்பற்றுவதால், அதன் நண்பகல் நம் கைக்கடிகாரத்தில் 12:30. குளிர்காலத்தில் லுஹர் வக்து நுழைவதும் ஏறக்குறைய அப்போதுதான். அங்கு முதல் வானியல் கடிகாரம் எழுந்த 14-ஆம் நூற்றாண்டில், டமாஸ்கஸ் உமய்யா பள்ளிவாசலில் இப்னு ஷாதிர் என்னும் வானியல் அறிஞர் முவக்கித்தாக, அதாவது தொழுகை நேரங்களைக் கணித்து அறிவிப்பவராகப் பணியாற்றினார். 1371-இல் அப்பள்ளியின் மினாராவுக்கென அவர் சூரியக் கடிகாரமும் அமைத்தார். தொழுகைக்காக வானத்தையே அளந்த சமுதாயம் நம்முடையது. கைக்குள் கைபேசி இருந்தும் நமக்கு வக்து தவறலாமா?

இனிச் சட்டத்துக்கு வருவோம். ஷாஃபிஈ மத்ஹபில் பயணச் சலுகைக்கு அளவுகோல் தூரமேயன்றிக் கால அளவன்று. அத்தூரத்தை ஒரு மணி நேரத்தில் கடந்தாலும் கஸ்ரு உண்டு என இமாம் நவவி (ரஹ்) தம் 'மின்ஹாஜ்' நூலில் தெளிவுபடுத்தியுள்ளார்கள். பாரிஸிலிருந்து ஸ்ட்ராஸ்பூர்க், எக்கணக்கின்படியும் அத்தூரத்தைத் தாண்டியது. ஆகவே லுஹரையும் அஸரையும் இரண்டிரண்டு ரக்அத்களாகச் சுருக்கி, ஒரே வேளையில் சேர்த்துத் தொழலாம். லுஹரை முந்தித் தொழுது, அது முடிவதற்குள் சேர்த்துத் தொழும் நிய்யத்தை வைத்து, நீண்ட இடைவெளியின்றி அஸரைத் தொழ வேண்டும். உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் முழுமையாகவே தொழ வேண்டும். ஹனஃபி மத்ஹபினர் இவ்வாறு சேர்த்துத் தொழுவதில்லை; எனினும் அவர்களுக்கும் கஸ்ரு உண்டு. குளிரில் கால் கழுவ அஞ்சுவோர், உளூவுடன் கணுக்கால் மறையும் தோல் காலுறை அணிந்து புறப்பட்டால், பயணி மூன்று பகல் மூன்று இரவு வரை அதன்மீது மஸஹு செய்யலாம்.

இடத்துக்கும் குறைவில்லை. 2012-இல் திறக்கப்பட்ட பெரிய பள்ளிவாசல் ஈல் ஆற்றை ஒட்டியே அமைந்துள்ளது. அது நிற்கும் தெருவுக்கு இப்னு ருஷ்தின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. பெத்தீத் ஃபிரான்ஸிலிருந்து நடந்தே செல்லலாம். பேராலயத்தைப் பயணத் திட்டத்தில் எழுதும் நாம், பள்ளிவாசலையும் அதே தாளில் எழுதினால் போதும். நான்கு ரக்அத்துக்கும் உளூவுக்கும் அரை மணி நேரம் தாராளம்.

பிரான்ஸில் நம் பிள்ளைகள் பயிலும் அரசுப் பள்ளிகளில் மார்க்கத்துக்கு இடமில்லை. 2004-ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிப்படையான மத அடையாளங்களும் அங்குத் தடுக்கப்பட்டுள்ளன. எனவே வீட்டுக்கு வெளியே தொழுகை எப்படி நிற்கிறது என்பதைப் பெற்றோரிடம் மட்டுமே அவர்கள் காண முடியும். சுற்றுலா நாளில் நாம் தொழுகையை விட்டால், "இது வீட்டுக்குள் மட்டும் செய்யும் வேலை" என்றே அவர்கள் கற்றுக்கொள்வர். மாறாக, ஈரக் குடையை வாசலில் சாய்த்துவிட்டு நாம் சுருக்கித் தொழுவதைக் கண்டால், மார்க்கம் சுமையன்று, இலகு என்பதை உணர்வர். மதரஸாவில் எத்தனை பாடம் நடத்தினாலும் இவ்வுணர்வை நம்மால் ஊட்டிவிட முடியாது. அது தாய் தந்தையரின் கையில் உள்ளது.

ஊரிலும் பயணத்திலும், மழையிலும் வெயிலிலும் தொழுகையை உரிய வக்தில் நிலைநாட்டும் நன்மக்களாக நம்மையும் நம் சந்ததியினரையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.