கருப்பட்டிக்கு 30 பைட்டுகள்

பாஞ்சாலங்குறிச்சிக்கு வடமேற்கே கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-லும், தெற்கே உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்துவிட்ட பிறகு, தூத்துக்குடி ஜில்லாவின் வியாபாரிகள் சிங்கப்பூரிலும் துபாயிலும் வாழும் தமிழருக்குப் பண்டிகைக் காலச் சலுகைகளை மின்னஞ்சல் வழியே அறிவிக்க ஆவல் கொள்வது இயற்கையே. அந்த மடல்களை வடிவமைக்க எந்த மென்பொருள் சிலாக்கியமானது என்ற பிரச்னை எழும்போது பெரும்பாலோர் முதலில் விசாரிப்பது, அதில் எத்தனை மாதிரி வடிவங்கள் உண்டு, எத்தனை வர்ணங்கள் உண்டு என்பதையே. என் அபிப்பிராயத்தில் அது கடைசியில் விசாரிக்க வேண்டிய விஷயம்; முதலில் பார்க்க வேண்டியது, அந்த மென்பொருளில் தமிழ் என்ன பாடுபடுகிறது என்பதே.

தலைப்பு, விலை, தள்ளுபடித் தேதி யாவற்றையும் சுவரொட்டி போல ஒரே படமாகத் தயாரித்து, அதை அப்படியே மடலில் ஒட்டி அனுப்பும் வழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. படங்களைத் தடுத்து வைத்திருக்கும் அலுவலகக் கணினியில் அதைத் திறப்பவருக்குக் கருப்பட்டியும் தெரியாது, விலையும் தெரியாது. வெறுங்கட்டம் ஒன்றே காட்சி தரும். எழுத்தாக அனுப்பினாலோ, நாம் ஆசையோடு தேர்ந்த எழுத்துருவை ஜிமெயில் லட்சியம் செய்யாமல், வாசகரின் கைப்பேசியில் உள்ள தமிழ் எழுத்துருவையே காட்டும். காட்டட்டுமே! அழகு சற்றுக் குறைந்தாலும் விலை வாசிக்கக் கிடைக்கிறதல்லவா? விண்டோஸின் பழைய அவுட்லுக், 2007-ஆம் பதிப்பு முதல், வேர்ட் மென்பொருளின் துணைகொண்டே மடலைக் காட்டுவதால், வளைந்த ஓரமுடைய பொத்தான்களும் பின்னணிப் படங்களும் அங்கே உருக்குலைவது சர்வ சாதாரணம் என்பதையும் அலங்காரப் பிரியர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

அடுத்தது எடை. கருப்பட்டி என்ற சொல்லை ஆங்கில எழுத்துகளில் எழுதினால் 10 பைட் போதும். நம் கண்ணுக்கு ஆறே எழுத்தாகத் தோன்றும் அதே சொல், யூனிகோட் முறையில் உயிர்க்குறிகளும் புள்ளிகளும் தனித்தனியே எண்ணப்பட்டுப் பத்துக் குறிகளாவதால், குறிக்கு மூன்று பைட் வீதம் 30 பைட் கொள்ளும். ஒவ்வொரு குறியையும் ஏழு எழுத்துள்ள ஓர் எண்கோவையாக மாற்றி எழுதும் மென்பொருளிடம் சிக்கினால் 70 பைட் ஆகிவிடும். இழுத்து வைத்து அடுக்கும் வசதியுள்ள மென்பொருள்கள், திரைக்குப் பின்னால் கட்டத்துக்குள் கட்டமாக விஸ்தரிக்கும் நிரலின் பாரமும் இதனோடு சேர்ந்து, மடல் ஏறக்குறைய 102 கிலோபைட்டைத் தாண்டுமானால், ஜிமெயில் மிச்சத்தை வெட்டி மறைத்துவிடும். வெட்டுப்படுவது வால்பகுதி, பட்டியலிலிருந்து விலகுவதற்கான இணைப்பு இருப்பதும் பெரும்பாலும் அங்கேதான். விலக வழி காணாதவர் ‘ஸ்பேம்’ என்று புகார் செய்துவிடுகிறார். நாளொன்றுக்கு ஜிமெயில் முகவரிகளுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோருக்குப் புகார் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டலாகாது என்று 2024 பிப்ரவரி முதல் கூகுள் நிபந்தனை விதித்திருப்பதால், எடையில் காட்டிய அலட்சியத்துக்கு வியாபாரமே அபராதம் செலுத்த நேரிடுகிறது.

சுதேசிச் சரக்கையே வாங்க வேண்டும் என்று சொல்லும் நண்பர்கள், அட்லாண்டாவில் 2001-ல் தோன்றிய மெயில்சிம்ப்பை ஒதுக்கி, பக்கத்துத் தென்காசியில் அலுவலகம் நடத்தும் ஜோஹோவின் கேம்பைன்ஸ் மென்பொருளைச் சிபாரிசு செய்கிறார்கள். அந்த அபிமானத்தை நானும் மதிக்கிறேன். ஆயினும் பாஞ்சாலங்குறிச்சிக்கு அருகே ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை, 1906-ல் சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவிய பின், தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டுவதற்கான கப்பல்களை அந்நிய நாட்டிலிருந்தே விலைக்கு வாங்கினார். அவர் சுதேசியாக வைத்துக்கொண்டது கம்பெனியின் உரிமையை. நம் விஷயத்தில் அந்த உரிமை, வாடிக்கையாளரின் சம்மதத்தோடு சேகரித்த முகவரிப் பட்டியலிலும், அரும்பாடுபட்டு வடிவமைத்த மடலிலும் இருக்கிறது. பட்டியலைத் தயக்கமின்றித் திருப்பித் தரும் நிறுவனங்களிற் சில, மடலை வேறோரிடத்தில் திறக்கத்தக்க வடிவில் தருவதில்லை. பணம் கட்டுவதற்கு முன்பே இதைக் கேட்டுத் தெளிய வேண்டும். தென்காசிக்காரராயினும் அட்லாண்டாக்காரராயினும் கேள்வி ஒன்றே.

கட்டண விஷயத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. முகவரிகளின் எண்ணிக்கையைக் கொண்டு மாதாமாதம் பணம் வாங்குவோர், விலகிப்போனவரையும் கணக்கில் சேர்ப்பதுண்டு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் மடல் அனுப்புகிற கடலைமிட்டாய்க் கடைக்கு, அனுப்பும் மடல்களின் எண்ணிக்கைக்கேற்பக் கட்டணம் செலுத்தும் ஏற்பாடே அனுகூலமானது. எதற்கும் முதலில் இலவசத் திட்டத்தில், பொத்தானில் ‘வாங்கிக்கொள்வதற்கு’ என்பது போன்ற நீண்ட சொல்லொன்றை எழுதி, மலிவான ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒன்றுக்கும் அலுவலக அவுட்லுக் ஒன்றுக்கும் அனுப்பிப் பார்க்கலாம். மாதிரி வடிவங்களைப் பார்வையிடுவதை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.