ஆரம்பிச்சுட்டேன் சார்!

"கிளம்பிட்டியா?" என்று நண்பன் போனில் கேட்டால், சட்டையைத் தேடிக்கொண்டே "கிளம்பிட்டேன்டா" என்போம். "வந்துட்டேன்" என்றால் இன்னும் இரண்டு சிக்னல் பாக்கி. கேட்கிறவனுக்கும் இது தெரியும். தமிழில் இது பொய்யில் சேராது. மனசளவில் கிளம்பியாச்சு, அவ்வளவுதான்.

இதை அப்படியே இங்கிலீஷுக்குக் கொண்டுபோனால்தான் வம்பு.

நான் புனேக்கு வந்த புதிது. டெஸ்டிங் வேலை. சர்வர் மறுநாள் காலையில்தான் கைக்கு வரும். அன்றைய ஸ்டேட்டஸ் மெயிலில் "வீ ஹாவ் ஸ்டார்ட்டட் டெஸ்டிங்" என்று எழுதிவிட்டேன். உள்ளே ஓடியது என்னவோ "ஆரம்பிச்சுட்டோம் சார்"தான். வெளிநாட்டு வாடிக்கையாளர் உடனே பதில் போட்டார்: இதுவரை எத்தனை கேஸ் முடிந்தது? பூஜ்யம்! மேனேஜர் மீட்டிங்கில் சொன்ன வார்த்தை "ஜூட்" (நம்மூர் ஜூட் இல்லீங்க, ஹிந்தியில் பொய் என்று அர்த்தம்). இங்கிலீஷ் தெரியாதவன் என்றிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொய்யன் ஆகிவிட்டேனே!

"வீ வில் ஸ்டார்ட் டுமாரோ" என்று நாலே வார்த்தையில் முடிந்திருக்கும். "ஹாவ் ஸ்டார்ட்டட்" என்றால் கை வைத்தாச்சு, காட்டச் சொன்னால் காட்ட ஏதாவது இருக்கவேண்டும். "அபவுட் டு ஸ்டார்ட்" என்பது இதோ, இந்த நிமிஷம் தொடப்போகிறோம் என்பது. நாளைக்குச் செய்யப்போவதற்கு அது ஆகாது. "ஸ்டார்ட்டட் டு டெஸ்ட், பட்..." என்றால் தொட்டோம், நடுவில் ஏதோ தடுத்துவிட்டது.

ஆனால் நமக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே இருக்கும் பயம் வேறு. "ஸ்டார்ட் டு ரைட்"டா, "ஸ்டார்ட் ரைட்டிங்"கா? ரெண்டும் சரி சாமி! "ஸ்டார்ட்டிங் ரைட்டிங்" என்று ரெண்டு 'இங்' அடுத்தடுத்து வந்தால் காதுக்கு உறுத்தும், அப்போது மட்டும் "ஸ்டார்ட்டிங் டு ரைட்" என்று மாற்றிக்கொள்ளலாம். "கெட் டவுன் டு" மட்டும் கொஞ்சம் குசும்பு பிடித்தது. 'டு' இருந்தும் பின்னால் "ரைட்டிங்"தான் வரும். இதில் தவறினால் யாரும் நம்மைச் சந்தேகப்படப் போவதில்லை. காலத்தில் தவறினால்தான் சந்தேகம் வருகிறது.

ஊரிலிருந்து புதிதாக வரும் பிள்ளைகளுக்கு உச்சரிப்புக்கு வகுப்பெடுக்கிறார்கள், கை குலுக்கக்கூடச் சொல்லித்தருகிறார்கள். இதைச் சொல்லித்தர ஆளைக் காணோம். என் டீமுக்கு வருகிறவர்களிடம் முதல் வாரமே நான் சொல்லிவிடுகிறேன்: மெயிலை அனுப்பும் முன் "இப்பவே காட்டு" என்று யாராவது கேட்டால் காட்ட முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் 'ஹாவ்' வேண்டாம்.

வீட்டில்தான் இந்தப் பாடம் எடுபடவில்லை. மகள் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் புனேயில். தமிழ் அரைகுறை. நேற்று ராத்திரி ஹோம்வொர்க் என்னாச்சு என்றேன். "ஐ ஹாவ் ஸ்டார்ட்டட்!" பையின் ஜிப்பே திறக்கவில்லை.

"ஐ ம் அபவுட் டு ஸ்டார்ட்னு சொல்லணும்டா கண்ணு."

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். அப்புறம் சுத்தத் தமிழில் "ஆரம்பிச்சுட்டேன்ப்பா" என்றாள்.