வெல்டிங் குற்றம் இல்லை, யுவர் ஆனர்!

பைபாஸ்ல ஒரு வண்டி கவிழ்ந்தா போதும், நம்ம பதிவர்கள்ல நாலு பேர் கீபோர்டைத் தூக்கிடறாங்க. "வண்டியை மாத்திக் கட்டறவனையெல்லாம் உள்ள தூக்கிப் போடணும்." அது சரி சாமி, உள்ள போட சட்டம் ஏற்கனவே இருக்கு. அந்தச் சட்டம் யாரைப் பிடிக்குது, யாரை விடுதுன்னு யாராவது பாத்தீங்களா?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்றது இதுதான்: ஆர்.சி. புக்ல இருக்கிற விவரம், கம்பெனி முதல்ல கொடுத்த விவரத்துல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் ஒரு கேரள வழக்கில் இதை உறுதி செஞ்சது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் 182ஏ. மாத்தின ஓனருக்கு ஆறு மாசம் வரை ஜெயில், இல்லேன்னா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா ரெண்டும்.

கவனிங்க. "இந்த வண்டி பத்திரமா?"ன்னு சட்டம் கேக்கலை. "இது கம்பெனி பேப்பர்ல இருக்கிற மாதிரியே இருக்கா?"ன்னுதான் கேக்குது. என் சண்டையே இந்தக் கேள்வியோடதான்.

நம்ம பக்கத்தையே எடுத்துக்குங்க. கரும்பு சீசன்ல முண்டியம்பாக்கம் பக்கம் ராத்திரி வண்டி ஓட்டினவங்களுக்குத் தெரியும். பின்னாடி லைட் இல்லாம, ரிஃப்ளெக்டர் இல்லாம, ரெண்டு பக்கமும் கரும்பு பிதுங்கிக்கிட்டு டிரெய்லர் போகும். எல்லாரும் பாத்துக்கிட்டேதான் போறோம். அந்த டிரெய்லரைப் பத்தி ஒரு பதிவு வந்திருக்கா?

இப்ப பட்டறைக்கு வருவோம். காரைத் தாழ்த்தறேன்னு காயில் ஸ்ப்ரிங்ல ஒரு சுத்தை கேஸ் கட்டர் வச்சு அறுக்கறான் ஒருத்தன். சுத்து குறைஞ்சா ஸ்ப்ரிங் விறைப்பு கூடும், ஆட இடம் குறையும். சூடு பட்ட இடத்துல டெம்பர் போயிடும். அறுத்த முனை சீட்ல சரியா உக்காராது. இன்னொருத்தன் ஜீப்பை உசத்தறேன்னு கமான் பட்டைக்கு அடியில கட்டை வைக்கிறான், பிரேக் ஹோஸை நீட்ட மறந்துடறான். ஸ்டியரிங் ராடு கோணம் மாறி, பள்ளத்துல இறங்கி ஏறும்போது வண்டி தானா ஒரு பக்கம் இழுக்கும். மூணாவது ஆள் லாரி சேசிஸ் சேனலோட மேல் விளிம்புலயே ஓட்டை போட்டு வெல்டு வைக்கிறான். அந்த விளிம்புதான் பாரத்தோட வளைவு விசையைத் தாங்கற இடம். விரிசல் அங்கதான் ஆரம்பிக்கும். பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சா எவனுக்கும் தெரியாது.

இந்த மூணு பேரும் ரோட்டுல ஓடறாங்க. ஏன்னா ஆர்.சி.யில கம்பெனி பேர் இருக்கு.

என் ஷெட்டுல ஒரு ஃபிரேம் நிக்குது. ஒரு இன்ச் சதுரக் குழாய், ஒவ்வொரு கட்டத்துக்கும் குறுக்குக் குழாய் கொடுத்து முக்கோணமாக்கி, முழுக்க சி.ஓ.டூ. வெல்டிங்ல கட்டினது. பழைய மாருதி 800 இன்ஜின். திண்டிவனத்து நண்பர் மோல்டு எடுத்து ஃபைபர் பாடி போட்டுக் கொடுத்தார். அது ரோட்டுக்கு வரவே வராது. புது வண்டியைப் பதிவு பண்ண தயாரிப்பாளர் சான்று வேணும். அதுக்கு மாடலை 126-வது விதிப்படி சோதனை நிலையத்தில் தேற வச்சிருக்கணும். லட்சம் கார் செய்யற கம்பெனிக்கான வழி அது. ஒத்தைக் காருக்கு வழியே இல்லை.

"வீட்டுல செஞ்ச காரா? நம்ம ஊர்ல நடக்கற காரியமா?"ன்னு கேக்கறவங்களுக்கு ரெண்டு பேர் சொல்றேன். கரூர்: சேசிஸ் ஒரு கம்பெனி, பாடி இன்னொரு பட்டறைன்னு பஸ் கட்டி ஊரையே வளர்த்தாங்க. கோயமுத்தூர் கரிவரதன்: 1988-ல் மாருதி 800 இன்ஜினை வச்சு ஃபார்முலா மாருதி ரேஸ் காரைக் கட்டினார். 1995-ல் விமான விபத்துல போயிட்டார். 2005-ல் ஃபார்முலா ஒன் போன முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன், ஆரம்பத்துல ஓட்டினது இந்த ஃபார்முலா மாருதியைத்தான். கை இருக்கு, மூளை இருக்கு. ரேஸ் டிராக்குக்கு வெளிய வந்தா மட்டும் குற்றவாளி.

2021 கடைசியில சாங்லி மாவட்டத்து இரும்புப் பட்டறைக்காரர் ஒருத்தர் பழைய சாமான்ல கட்டின கிக் ஸ்டார்ட் காரை நாடே பாத்துச்சு. ஆனந்த் மஹிந்திரா என்ன சொன்னார்? விதிப்படி இல்லாததால அதிகாரிகள் என்னிக்காவது தடுத்துடுவாங்கன்னார். புது பொலிரோ கொடுத்து அந்தக் காரை வாங்கிக்கிட்டார். நல்ல மனசு, சந்தேகமில்லை. ஆனா கட்டினவனுக்குக் கிடைச்சது பரிசு, அனுமதி இல்லை. இந்த நாட்டுல சொந்தமா கட்டின காருக்கு உச்சபட்ச மரியாதை ஷோகேஸ்தானா?

இங்கிலாந்தைப் பாருங்க. 1957-ல் லோட்டஸ் செவன் காரையே கிட்டா வித்தாங்க, வாங்கினவன் வீட்டுல பூட்டினான். 1998-ல ஒத்தை வண்டிச் சோதனை கொண்டு வந்தாங்க, 2009-ல அதையே மாத்தி இறுக்கினாங்க. பிரேக், ஸ்டியரிங், லைட், சீட் பெல்ட், புகை, சத்தம், ஆளைக் கிழிக்கிற கூர்முனை எல்லாம் பாப்பாங்க. தேறினா நம்பர் பிளேட். தேறலையா, சரி பண்ணிட்டு வா.

"இங்க அதுலயும் காசு வாங்குவான்"னு பின்னூட்டம் வரும், தெரியும். எஃப்.சி.யில வாங்கலையா? அதுக்காக எஃப்.சி.யே வேண்டாம்னு சொல்றோமா? பிரேக் இன்ஸ்பெக்டர் தலையில கட்டவும் வேண்டாம். ஒரகடத்துல மத்திய அரசோட வாகன ஆராய்ச்சி மையம் இருக்கு. மாசம் ஒரு நாள் ஒதுக்கட்டும், கட்டணம் நான் கட்டறேன். ஆளுக்கு ஒரு வண்டி, அஞ்சு வருஷம் விக்கக் கூடாது, வாடகைக்கு ஓட்டக் கூடாதுன்னு நிபந்தனை போடட்டும். மாற்றுத்திறனாளிகள் வண்டிக்கும், சி.என்.ஜி. கிட்டுக்கும் சட்டத்துல கதவு திறந்திருக்கே, இதுக்கும் ஒரு ஜன்னல் வைங்க.

தடை போட்டா வெல்டிங் நிக்காது. ராத்திரியில ஷட்டரை இறக்கிட்டு நடக்கும். தப்பு வெல்டையும் நல்ல வெல்டையும் பிரிச்சுச் சொல்ல ஒரு ஆள் வேணும். அவ்வளவுதான் கேக்கறேன்.

டிஸ்கி 1: ஸ்ப்ரிங் அறுக்கற தம்பிகளா, இது உங்களுக்கு வக்காலத்து இல்லை. சோதனை வந்தா முதல்ல மாட்டறது நீங்கதான்.

டிஸ்கி 2: ஆட்டோ அனுப்பறவங்க, கம்பெனி பாடியோட ஆட்டோவா பாத்து அனுப்பவும்.