பழைய ஸ்கூட்டருக்குப் பெயிண்ட் மட்டும் போதுமா?

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம்மவர் வசிக்கும் பழைய பில்டிங்குகளின் கீழே, தார்ப்பாய் போர்த்திய ஒரு லாம்ப்ரெட்டாவோ பஜாஜ் சேத்தக்கோ இன்னும் நிற்பதைக் காணலாம். தந்தையார் ஆபீசுக்கு ஓட்டிய வண்டி. பங்கார்வாலாவிடம் போட மனம் வராது. இவற்றைப் புதுப்பிக்க நம் இளைஞர்கள் சிலர் முன்வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் பணமெல்லாம் பெயிண்டுக்கும் குரோமியப் பூச்சுக்கும் போய்விடுகிறது. எஞ்சினைக் கவனிப்பாரில்லை. இது தலைகீழான முறை என்பது என் கருத்து.

இவற்றின் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் முதலில் கிராங்க் கேஸுக்குள் அழுத்தப்பட்டு, பிறகே சிலிண்டருக்குப் போகின்றன. பல ஆண்டு ஓடாமல் நின்ற வண்டியில் கிராங்கின் இரு பக்கத்து ஆயில் சீல்களும் காய்ந்து போயிருக்கும். அவ்வழியே வெளிக்காற்று புகுந்தால் கலவையில் பெட்ரோலும், அதனோடு வரும் ஆயிலும் குறையும். சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். புதுப் பிஸ்டன் போட்டும் ஜாம் ஆகிறதே என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சீலைத்தான். கனடாவில் பழைய ஸ்கி-டூ பனிவண்டிகளின் ரோட்டாக்ஸ் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினைப் புதுப்பிப்பவர்களுக்கும் இதே பாடம்தான்.

அடுத்தது அளவு. சிலிண்டரை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். தேய்ந்திருந்தால் ஓவர்சைஸ் பிஸ்டனை முதலில் வாங்கி, அதற்கேற்பப் போரிங் போட வேண்டும். போரிங் போட்டுவிட்டுப் பிஸ்டனைத் தேடி அலையக் கூடாது. ரிங்கின் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்க்க வேண்டும். ரயில்வேயில் எங்களுக்கு இது பாலபாடம். 1855-ல் செய்யப்பட்ட ‘ஃபேரி குவீன்’ நீராவி எஞ்சின், பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் செப்பனிடப்பட்டு 1997-ல் மீண்டும் ரயிலை இழுத்தது. அது பெயிண்டால் நடந்த காரியமல்ல.

வேறு எஞ்சினை மாட்டிவிடலாமே என்பார்கள். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்து அசல் நிலையில் உள்ள வண்டியை 20,000 ரூபாய் கட்டணத்தில் ‘விண்டேஜ்’ என்று பதியலாம். எஞ்சினையோ சேஸிஸையோ மாற்றியமைத்த வண்டிக்கு அந்தத் தகுதி இல்லை. 1972-ல் அறிமுகமான சேத்தக்கின் முதல் வண்டிகளும் இப்போது அந்த வயதை எட்டிவிட்டன.

டூ-ஸ்ட்ரோக் புகை கக்கும் என்ற ஆட்சேபம் நியாயமானதே. தினசரி ஓட்டத்துக்கு இவ்வண்டி வேண்டாம். விண்டேஜ் பதிவும் அதை அனுமதிப்பதில்லை. விசேஷ நாளில் ஓடினால் போதும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எஞ்சினின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லும் மெக்கானிக்குகள் முதுமையடைந்து வருகிறார்கள். பெற்றோர்களே, அத்தகைய ஒருவரிடம் வண்டியை விடும்போது பிள்ளைகளையும் உடன் அனுப்புங்கள். கழற்றும் ஒவ்வொரு வாஷரையும் அவர்கள் நோட்டில் வரைந்து வைக்கட்டும். வண்டி ஓடுவதோடு, ஒரு கைத்தொழிலும் நம் வீட்டில் தங்கும்.