திரும்பிப் போகும் துணிவு

வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் காலைப் பேருந்தில் வரும் நண்பர்களுக்குக் கார்த்திகை மாதத்து மூடுபனியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. சென்ற ஆண்டு பருவத் தேர்வு நாளன்று, கோமுகி அணைக்கு மேலே ஒரு வளைவில் ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். "பனி கலையட்டும்பா" என்றார். பேருந்தே கொதித்தது. "பயமா இருந்தா வீட்டிலேயே இருக்க வேண்டியதுதானே அண்ணே!" என்று உரக்கச் சொன்னவன் நான்தான். எல்லாரும் சிரித்தார்கள். அவர் வாய் திறக்கவில்லை.

அண்மையில் விமான விபத்துகளைப் பற்றிப் படித்தபோது அந்தச் சிரிப்பு மீண்டும் காதில் விழுந்தது.

2023 செப்டம்பர் 14 அன்று விசாகப்பட்டினத்திலிருந்து மும்பைக்கு வந்த லியர்ஜெட் என்னும் சிறிய தனியார் விமானம், கனமழையில் தரையிறங்கும்போது ஓடுபாதையை விட்டு விலகிச் சிதைந்தது. அப்போது கண்ணுக்கு எட்டிய தொலைவு 700 மீட்டர்தான். உள்ளே இருந்த 8 பேரும் உயிர் தப்பினார்கள். அதன் காரணத்தை அலசுவது என் வேலையன்று. இப்படிப்பட்ட வானிலையில் விமானி என்ன செய்யலாம் என்பதே என் கேள்வி.

விதி எளியது. குறித்த உயரம் வரை இறங்கியும் ஓடுபாதை தென்படாவிட்டால், அல்லது இறக்கம் சீராக இல்லாவிட்டால், மீண்டும் மேலெழ வேண்டும். சுற்றி வரலாம், வேறு ஊருக்கும் போகலாம். ஆனால் சீரற்ற இறக்கங்களில் 100க்கு 3 அளவில்தான் விமானிகள் அவ்வாறு மேலெழுகிறார்கள் என்கிறது உலக விமானப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வு. விதி தெரியாதவர்களா அவர்கள்?

2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் மழையில் இறங்கிய பயணிகள் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 21 பேர் மாண்டனர். மேலெழும்படி துணை விமானி சொல்லியும் தலைமை விமானி இறக்கத்தைத் தொடர்ந்தார் என்றது விசாரணை அறிக்கை. மறுநாள் காலை இன்னொரு விமானத்தை அவரே ஓட்ட வேண்டியிருந்ததையும் அது சுட்டிக்காட்டியது. பெரிய விமானத்திலேயே இந்த நிலை என்றால், வாடகை கொடுத்த முதலாளி கைக்கெட்டும் தூரத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அமர்ந்திருக்கும் சிறு விமானத்தைப் பற்றிக் கேட்கவும் வேண்டுமா? அவர் ஒரு சொல்கூடச் சொல்ல வேண்டாம், பெருமூச்சே போதும்.

ஆகவே விமானியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எனக்கு உடன்பாடன்று. பின்னால் இருப்பவனின் அவசரமும் ஏளனமும் அவன் கையைப் பிடித்து அழுத்துகின்றன. இறங்கி விபத்துக்குள்ளானவன் செய்தியாகிறான். திரும்பிப் போனவனுக்கோ தாமதத்திற்கான வசைதான் மிச்சம். அவன் காப்பாற்றினான் என்பதற்குச் சான்றே இருப்பதில்லை. எதுவும் நடக்கவில்லையே!

எங்கள் பேருந்துக்கும் எதுவும் நடக்கவில்லை. பனி கலைந்ததும் புறப்பட்டோம். வளைவுக்கு அப்பால் லாரி ஏதேனும் வந்துகொண்டிருந்ததா, யாருக்குத் தெரியும்? தேர்வுக் கூடத்திற்கு 20 நிமிடம் தாமதமாகப் போனேன். கண்காணிப்பாளர் முறைத்துவிட்டு உள்ளே விட்டார். அந்த ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்று சில வாரம் கழித்துத்தான் தோன்றியது. அதற்குள் அந்தத் தடத்தில் வேறொருவர் ஓட்டிக்கொண்டிருந்தார்.